நீலக் கிண்ணம் திரும்பக் கோருதல் தொடர்பாக

விசாரணைக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

ஆசிரியர் மேசைக்குப் பின்னால், அந்த அறையிலிருந்த ஒரே பெரிய நாற்காலியில், புதுச்சுவை அறிமுகத் திட்டத்தின் அதிகாரி. அவருக்கு வலப்புறம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையைத் தொட, தலைமை ஆசிரியர். இடப்புறம், 'தொப்பிகள் 400' என்று எழுதிய அட்டைப்பெட்டியின் மேல், அளவீட்டு அலுவலரான அம்மையார். அவர் மூச்சு விடும்போதெல்லாம் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொண்டிருந்தது. மேசை நடுவில், செய்தித்தாள் விரித்து அதன்மேல், விளிம்பில் பூச்சு பெயர்ந்த ஒரு நீல எனாமல் கிண்ணம். இரண்டாம் வகுப்பு டீச்சர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நிற்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. மிச்சமிருந்த முப்பது நாற்காலிகளிலும் திட்டத்தின் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

ஆசிரியர் அறை ஏற்கெனவே பெட்டிகளால் நிரம்பிவிட்டதால்தான் விசாரணை வகுப்பறைக்கு வந்தது. பெட்டிகளில் சுவரொட்டிகள் இருந்தன, தொப்பிகள் இருந்தன, கேரட் படம் போட்ட சட்டைப்பதக்கங்கள் இருந்தன, சிறு பிள்ளைகள் புதுப்புது காய்கனிகளை விரும்பி உண்ணச் செய்வது எப்படி என்று நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு இருந்தது. காய்கனி மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை. அது திட்டத்தின் இரண்டாம் கட்டம்.

டீச்சர் மேல் குற்றம் இரண்டு. முதலாவது, திட்டம் தொடங்குவதற்கு முன்பாகவே தன் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரையும் பீட்ரூட் சாப்பிட வைத்தது. இரண்டாவது, அந்தக் கிண்ணம்.

முதல் குற்றம் வெளிவந்தது பிள்ளைகளால்தான். முந்தின வாரம் அளவீட்டு அலுவலர் வகுப்பைப் பார்வையிட்டுத் திரும்பியபோது, பின்னால் முப்பத்தொரு பேரும் நாக்கை நீட்டி வழியனுப்பினார்கள். மரியாதைக் குறைவை அவர் பொருட்படுத்தவில்லை. நிறத்தைத்தான் பொருட்படுத்தினார். அத்தனை நாக்கும் செக்கச் செவேலென்று இருந்தன. அங்கேயே நின்று எண்ணிக் குறித்துக்கொண்டார்.

கிண்ணத்தின் கதை இன்னும் எளிமையானது. டீச்சர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் முடியப்போகிறது. பணி இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு மாதமாக, வாரத்தில் இரண்டு நாள், இடைவேளைக்கு முன்னால், வீட்டிலிருந்து வேகவைத்த பீட்ரூட்டைத் துண்டு போட்டு எடுத்து வருவார். முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் தொட வேண்டும், முகர வேண்டும், நாக்கு நுனியில் வைக்க வேண்டும், கடிக்க வேண்டும். பிடிக்கவில்லையா, நீலக் கிண்ணத்தில் துப்பிவிடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். டீச்சர் போட்ட சட்டம் அவ்வளவுதான். முதல் நாள் கிண்ணம் நிரம்பியது. மூன்றாம் வாரம் அடி தெரிந்தது. துப்பலாம் என்று தெரிந்த பிறகு பிள்ளைகளுக்குத் துப்புவதில் பெரிய சுவாரசியம் இல்லாமல் போய்விட்டது.

ஒருத்தியைத் தவிர. ஜன்னலோர வரிசையில் கடைசியில் உட்காரும் அந்தப் பெண்ணை வகுப்பே பிஸ்கட் என்றுதான் கூப்பிடும். அவள் சாப்பிட்டது பிஸ்கட் மட்டும். அதிலும் வட்டமானது மட்டும். ஏழு வயதுக்கு ஐந்து வயதுச் சட்டை போதுமாயிருந்தது. சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவள் அம்மா மாதாமாதம் அவளை டாக்டரிடம் எடை பார்க்கக் கூட்டிப்போய், தானே ஏதோ தேர்வில் தோற்றதுபோல் திரும்பி வருவார். அந்த பிஸ்கட் எட்டு முறை துப்பினாள். ஒன்பதாம் முறை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டை மென்று, கிண்ணத்தைப் பார்த்து, டீச்சரைப் பார்த்து, விழுங்கிவிட்டாள். டீச்சர் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடந்தார்.

இதையெல்லாம் அவர் விசாரணையில் சொன்னார். திட்ட அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கெட்டவர் இல்லை, படிவங்களோடு வாழ்ந்து பழகியவர்.

"அம்மா, குழந்தைங்க சாப்பிட்டது தப்புன்னு நான் சொல்லல. சாப்பிடணும். அதுக்குத்தானே திட்டமே. ஆனா நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, அதுக்குள்ள அவங்களுக்கு எப்படிப் பிடிச்சுது?"

அளவீட்டு அலுவலர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். மேலே ஐந்து முகங்கள் வரிசையாக வரைந்திருந்தன, அழுகையில் ஆரம்பித்துச் சிரிப்பில் முடியும்படி. கீழே இரண்டே வரி. 'திட்டத்துக்கு முன்: பிடிக்காது, 31. திட்டத்துக்குப் பின்: பிடிக்கும், 31.'

"முன்னாடி எத்தனை பேருக்குப் பிடிக்கும்னு இனிமேதானே பார்க்கணும்?" என்றார் டீச்சர்.

"அச்சடிச்சாச்சும்மா."

"பின்னாடி உள்ளதுமா?"

"அது போன வருஷமே அச்சடிச்சது" என்றார் அளவீட்டு அலுவலர், கொஞ்சம் பெருமையாக.

பிறகு அதிகாரி கிண்ணத்துக்கு வந்தார். நூற்று நாற்பது பக்கக் கையேட்டில் துப்புவது என்ற சொல்லே கிடையாது, படிவத்தில் அதற்குக் கட்டமும் கிடையாது, கட்டம் இல்லாத ஒன்றைப் பிள்ளைகள் செய்தால் அதை எங்கே கொண்டுபோய் எழுதுவது என்று நியாயமாகவே கேட்டார். அதோடு நிற்காமல் எழுந்து நின்றுகொண்டார். அறையில் நான்கு பேர்தான் இருந்தார்கள். ஆனால் பேச்சு வந்துவிட்டால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

"இருபத்தாறு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். மேலேயிருந்து எவ்வளவோ வந்திருக்கு. கசப்பா வந்திருக்கு, வேகாம வந்திருக்கு, என்னன்னே தெரியாததெல்லாம் வந்திருக்கு. எல்லாத்தையும் முழுங்கியிருக்கேன். ஒரு தடவைகூடத் துப்பினதில்ல. அதனாலதான் இன்னிக்கு இந்த நாற்காலியில இருக்கேன். நாளைக்கு இந்தப் பிள்ளைங்களும் இந்த மாதிரி நாற்காலிக்கு வரணும்னா இப்பவே பழகணுமா வேண்டாமா?"

தலைமை ஆசிரியர் முழங்காலுக்கு நடுவிலிருந்து தலையாட்டினார்.

முடிவு எழுதப்பட்டது. கிண்ணம் சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்படும். தொடக்க விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருப்பதால், அதற்குள் டீச்சர் தன் வகுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது, முப்பத்தொரு பேருக்கும் பீட்ரூட் பிடிக்காமல் போக வேண்டும். விழா மேடையில் அவர்கள் முதலில் மறுப்பார்கள், அதிகாரி உரையாற்றுவார், உரை கேட்டு மனம் மாறிச் சாப்பிடுவார்கள். அளவீட்டு அலுவலர் இரண்டையும் அளப்பார்.

எல்லோரும் போன பிறகு தலைமை ஆசிரியர் சுவரைப் பிடித்து எழுந்து, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். பணி ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடமே மிச்சமிருந்த மனிதர். இரண்டு வருடமாக டீச்சரைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உங்க பணி நிரந்தர ஃபைல் அவர் மேசை மேலதாம்மா இருக்கு. ஒரு பன்னெண்டு நாள் பிடிக்காம இருக்கட்டும். அப்புறம் காலம் பூரா பிடிச்சுட்டுப் போகட்டும்."

அவ்வாறே வெறுப்புப் பயிற்சி தொடங்கியது. அளவீட்டு அலுவலரிடமிருந்து மறுநாளே வழிகாட்டுக் குறிப்பு வந்தது. மறுப்பு மூன்று வகைப்படும்: முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், இரு கையாலும் வாயைப் பொத்துதல், தட்டைத் தள்ளுதல். தட்டு அதிகாரியின் பக்கம் போகாதவாறு தள்ள வேண்டும். முகச்சுளிப்பு கடைசி வரிசை வரை தெரிய வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதுவரை பள்ளிக்கூடத்தில் எதுவும் இவ்வளவு பிடித்ததில்லை. அஷ்டகோணலாக முகத்தை வைத்துக்கொண்டு, 'வேண்டாம்' என்று ஒரே குரலில் கத்தலாம், கத்தினால் பாராட்டு. இரண்டாம் நாளே தேர்ந்துவிட்டார்கள். நான்காம் நாள் அது வகுப்பறையைத் தாண்டிப் போனது. ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டதற்கு வகுப்பு முழுதும் வாயைப் பொத்திக்கொண்டது. காலை வணக்கக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்ததுமே முப்பது முகங்கள் ஒரே வீச்சில் திரும்பிக்கொண்டன. பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். குளிக்கக் கூப்பிட்டால் வாளியைத் தள்ளுகிறான் என்றார் ஒருவர். தூங்கச் சொன்னால் தலையணையைத் தள்ளுகிறாள் என்றார் இன்னொருவர். என்ன பாடம் டீச்சர் நடத்துறீங்க என்று ஒரு அப்பா கேட்டபோது டீச்சர், ஆரோக்கிய உணவு என்று உண்மையைச் சொன்னார். அவர் நம்பவில்லை.

அளவீட்டு அலுவலர் ஒருநாள் விட்டு ஒருநாள் டார்ச் விளக்கோடு வந்து நாக்குகளைப் பார்த்தார். எட்டாம் நாள் ஒரு பையனின் நாக்கு சிவப்பாக இருந்தது. அவனை ஒரு மணி நேரம் விசாரித்ததில் அது குச்சி ஐஸ் என்று தெரிந்தது. அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, குச்சி ஐஸ் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், பீட்ரூட்தான் கூடாது என்று பையனைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

பிஸ்கட்டுக்கு மட்டும் பயிற்சி தேவைப்படவில்லை. கிண்ணம் போன மறுநாளே அவள் வட்ட பிஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஒத்திகையில் மற்றவர்கள் கூத்தடிக்கும்போது இவள் உண்மையாகவே உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அளவீட்டு அலுவலர் அவள் பெயருக்கு நேரே 'மிகச் சிறப்பு' என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள் அவள் அம்மா வந்தார். கடையிலிருந்து நேராக வந்திருந்ததால் அவரைச் சுற்றிச் சூடான துணியின் வாசம் இருந்தது.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டு வாரம் முன்னாடி வீட்டுல ஒரு துண்டு கேரட் கேட்டா. அவளே கேட்டா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இப்ப மறுபடி ஒண்ணும் வேண்டாங்குறா. துப்பக் கிண்ணம் வேணுமாம். ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். அது நீலம் இல்லையாம்." சற்று நிறுத்தி, "அடுத்த வாரம் எடை பார்க்கப் போகணும் டீச்சர்" என்றார்.

டீச்சர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நேராகத் தலைமை ஆசிரியரிடம் போனார். அவர் மறுபேச்சில்லாமல் அலமாரியைத் திறந்து காட்டினார். கிண்ணம் துணியில் சுற்றி, கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை வைத்து, 'சான்றுப் பொருள் எண் 1' என்ற சீட்டோடு உட்கார்ந்திருந்தது. சாவிதான் தன்னுடையது, முத்திரை அதிகாரியுடையது என்று சொல்லும்போது அவர் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

விழா நாள் வந்தது. மேடையில் நீலத் துணி, நீல ரிப்பன், நீலத் தொப்பிகள். திட்டத்தின் நிறம் அது. அதிகாரிக்கு முன்னால் மேசையில், சிறந்த பள்ளிக்குத் தரவிருந்த சுழற்கோப்பை பளபளத்தது. முழங்கை உயரம், இரண்டு பக்கமும் காது, அதுவும் நீலம். மேடைக்குக் கீழே நீண்ட பலகையில் முப்பத்தொரு தட்டு பீட்ரூட். இரண்டாம் கட்டத்தை அன்று ஒரு நாளுக்கு மட்டும் முன்னதாகத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் காட்சி குறையில்லாமல் நடந்தது. முப்பது பேர் ஒரே நொடியில் முகம் சுளித்து, ஒரே நொடியில் வாயைப் பொத்தி, ஒரே நொடியில் தட்டைத் தள்ளினார்கள். அணிவகுப்புப் போலிருந்தது. புகைப்படக்காரர்தான் திருப்திப்படவில்லை, எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கிறது, உண்மையாகப் பிடிக்காத குழந்தை ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அளவீட்டு அலுவலர் பட்டியலைப் பார்த்து பிஸ்கட்டைக் கைகாட்டினார்.

அவளை மேடைக்கு ஏற்றினார்கள். அதிகாரி ஒரு துண்டை எடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, அவள் வாயில் வைத்துவிட்டார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

அந்த உரை நாற்பது நிமிடம் நடக்கும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. புதிய சுவைகளுக்கு மனத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். தன் வீட்டில் இருபத்தாறு வருடமாக ஒரே காலை உணவுதான், அதை மாற்ற யாருக்கும் துணிவு வந்ததில்லை என்று நடுவில் எடுத்துக்காட்டுச் சொன்னார். குழந்தைகளைக் கட்டாயப்படுத்தவே கூடாது, அவர்கள் மறுக்கும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லும்போது, வாயைத் திறக்க முடியாத குழந்தை ஒன்று அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

பிஸ்கட்டின் ஒரு கன்னம் உப்பியிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, எங்கே துப்புவது என்றும் தெரியவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றது. கடைசி வரிசையில் அவள் அம்மா பையை இறுகப் பிடித்திருந்தார். டீச்சர் மேடைப் படியில் ஒரு காலை வைத்தார். தலைமை ஆசிரியர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் பிஸ்கட் மேசையைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். நீலமாகத்தான் இருந்தது. இரண்டு காதையும் பிடித்துக் கோப்பையைத் தன் பக்கம் சாய்த்து, நிதானமாக அதில் துப்பினாள்.

அதிகாரியின் பேச்சு 'ஆகவே' என்ற இடத்தில் நின்றது.

பிஸ்கட் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கீழே டீச்சரைத் தேடினாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம். பிஸ்கட் மேடையை விட்டு இறங்கி வந்து, தன் தட்டிலிருந்ததிலேயே சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்தாள். முகர்ந்தாள். நாக்கில் வைத்தாள். கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். வாயைத் திறந்து காலியைக் காட்டினாள்.

பழைய சட்டம் திரும்பிவிட்டது என்று மற்ற முப்பது பேருக்கும் புரிந்துபோயிற்று. சைகைக்காக யாரும் காத்திருக்கவில்லை. அதிகாரி அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தட்டுகள் காலி. மனம் மாற இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருந்தது. அளவீட்டு அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், முப்பத்தொன்று என்று இருந்ததைப் பார்த்துப் பேனாவை மூடிவிட்டார்.

விழா அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. 'அதிகாரியின் உரையால் ஈர்க்கப்பட்ட மாணவி ஒருவர், உரை முடியும்வரை காத்திருக்க இயலாமல், கோப்பையை முறைப்படி பயன்படுத்திய பின் உணவை விரும்பி உண்டார்' என்று அதில் இருந்தது. பள்ளிக்கே முதலிடம். கோப்பையைக் கழுவிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். கூடவே எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை: இனி ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நீலக் கோப்பை இருக்க வேண்டும். அதில் துப்ப விரும்பும் குழந்தை மூன்று நாளுக்கு முன்பே, பெற்றோர் கையெழுத்துடன், துப்பப்போகும் பொருளின் பெயரைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேற்படாமல்.

அப்படியானால் தன் கிண்ணத்தைத் தந்துவிடலாமே என்று டீச்சர் கேட்டார்.

"கோப்பை வேற ஃபைல்மா, கிண்ணம் வேற ஃபைல்" என்றார் தலைமை ஆசிரியர். விசாரணை இன்னும் முடியவில்லை. முடிப்பது சுலபம். அவரே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: 'பிள்ளைகளைத் துப்பச் செய்தது என் தவறு, இனி நடக்காது.' இதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் விசாரணை முடியும், பணி நிரந்தர உத்தரவு வரும், கிண்ணமும் வரும்.

"இனி நடக்காதுன்னா, அப்புறம் கிண்ணம் எதுக்கு சார்?"

"வீட்டுல பூ போட்டு வச்சுக்கோங்கம்மா. கையெழுத்துதானே. நான் எத்தனை போட்டிருப்பேன்."

டீச்சர் அந்த வரியை வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். மதிய இடைவேளை. கோடு போட்ட தாளை எடுத்து, இடப்பக்கம் விரற்கடை மடித்து ஓரம் விட்டு, அனுப்புநர், பெறுநர் எழுதி, பொருள் என்ற இடத்தில் 'நீலக் கிண்ணம் திரும்பக் கோருதல் தொடர்பாக' என்று எழுதினார். அதன்கீழ் அவர் எழுதியது இவ்வளவுதான்:

'ஐயா, பிள்ளைகள் துப்பியது உண்மை. நான்கரை வாரத்தில் நூற்றுப் பதினாறு முறை. கணக்கு என்னிடம் இருக்கிறது. எட்டு முறை துப்பிய மாணவி ஒன்பதாம் முறை விழுங்கினாள். கிண்ணத்தைப் பூட்டியதிலிருந்து விழா வரை பன்னிரண்டு நாளில் அவள் எதையும் துப்பவில்லை, பிஸ்கட்டைத் தவிர எதையும் விழுங்கவும் இல்லை. நான் எழுத வேண்டிய வாக்கியம் தலைமை ஆசிரியர் வழியாகக் கிடைத்தது. பார்த்தேன், தொட்டேன், வாயில் போட்டு மென்றும் பார்த்தேன். விழுங்க முடியவில்லை. ஆகவே கிண்ணத்தை விரைவில் தந்து உதவ வேண்டுகிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.'

ஒருமுறை படித்தார். நிரந்தர உத்தரவை நினைத்துக்கொண்டார். பிறகு தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டார்.

பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிஸ்கட் தன் சாப்பாட்டு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நான்கு வட்ட பிஸ்கட், அதன் பக்கத்தில் பீட்ரூட் துண்டுகள் இருந்த அடையாளமாகக் கொஞ்சம் சிவப்புச் சாறு. டப்பா மூடியின் உட்புறம் நீலமாக இருந்தது. ஈரம் காயுமுன் யாரோ அவசரத்தில் விரல் வைத்த தடம் அதில் பதிந்திருந்தது.

"அம்மா நகப் பாலிஷ் பூசினாங்க" என்றாள். "இன்னிக்கு ஒண்ணுதான் துப்பினேன். டாக்டர் கடையில எடை பார்த்தாங்க, நான் கால் கிலோ கூட."

பிறகு உறையின் மடிப்பில் பளபளத்த பசையைக் காட்டி, "அது என்ன ருசி டீச்சர்?" என்று கேட்டாள்.

தெரியாது, நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டீச்சர். பிஸ்கட் உறையை வாங்கிப் பார்த்தாள், தொட்டாள், முகர்ந்தாள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிதானமாக நக்கினாள். முகம் அஷ்டகோணலானது, இந்த முறை நடிப்பில்லை. நீல மூடியில் துப்பிவிட்டு, "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

டீச்சர் மடிப்பை அழுத்தி ஒட்டினார். வெள்ளை உறையின் குறுக்கே, முத்திரை வைக்கும் இடத்தில், ஒரு சின்ன நாக்கின் தடம் செக்கச் செவேலென்று விழுந்திருந்தது. துடைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, அப்படியே எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அளவீட்டு அலுவலர் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாரோ எழுதட்டும். தபால் பெட்டி வாயைத் திறந்தே வைத்திருந்தது. உள்ளே போட்டார். முதல் முறையிலேயே அது விழுங்கிக்கொண்டது.